ஒரே இரவில் மேயர்!

வாக்காளருக்குத் தெரியாமலே முடிந்துவிடும் மேயர் தேர்வு... யாருக்கு என்ன இழப்பு?

2022 மார்ச் 4, வெள்ளிக்கிழமை. கும்பகோணம் மாநகராட்சி அலுவலகத்துக்கு ஓர் ஆட்டோ வந்து நிற்கிறது. ஓட்டிக்கொண்டு வந்தவர் இறங்குகிறார். சவாரி ஏற்றி வரவில்லை, அவரே ஏறி உட்காரப் போகிறார், மேயர் நாற்காலியில்! 42 வயது சரவணன், 20 வருடங்களாக அந்த ஊர்த் தெருக்களில் ஆட்டோ ஓட்டியவர். வாடகை வீடு. சின்ன வயதிலேயே பெற்றோரைப் பறிகொடுத்து, தாத்தா பாட்டி வளர்த்த பிள்ளை. அந்தத் தாத்தாவும் ஒருகாலத்தில் இதே ஊர் நகராட்சியில் உறுப்பினராக இருந்தவர். 1866-ல் நகராட்சியான கும்பகோணம், 2021-ல்தான் மாநகராட்சியாக உயர்ந்தது. அதன் முதல் மேயர் ஓர் ஆட்டோ டிரைவர். ஊரே சிலிர்த்துக்கொண்டது. மறுநாள் எல்லாப் பத்திரிகைகளிலும் அந்த ஆட்டோ ஓடியது.

அந்தச் சிலிர்ப்பு பொய்யில்லை. ஆனால், அன்றைக்குக் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு. பிப்ரவரி 19-ம் தேதி வரிசையில் நின்று ஓட்டுப்போட்ட கும்பகோணத்துக்காரர்களில் எத்தனை பேருக்கு, தங்கள் மேயர் இவர்தான் என்று தெரியும்? ஒருவருக்கும் தெரியாது. சரவணனுக்கே தெரியாது. 48 வார்டுகள் கொண்ட மாமன்றத்தில் காங்கிரஸுக்குக் கிடைத்தவை 2 இடங்கள். கூட்டணிக் கணக்கில் அந்த ஊர் மேயர் பதவி காங்கிரஸுக்கு ஒதுக்கப்பட, அந்த இருவரில் ஒருவரான 17-வது வார்டு கவுன்சிலர் சரவணனின் பெயர் டிக் ஆனது. அதுவும் மேயர் தேர்தலுக்கு முந்தைய நாள்.

கும்பகோணத்துக்கு மட்டும் நேர்ந்ததல்ல இது. தமிழ்நாட்டின் 21 மாநகராட்சிகளுக்கும் அன்றைக்கு இதே கதைதான். பிப்ரவரி 22-ல் ஓட்டு எண்ணிக்கை. மார்ச் 2-ல் கவுன்சிலர்கள் பதவியேற்பு. மார்ச் 3-ல் கட்சித் தலைமைகளிடமிருந்து மேயர் வேட்பாளர் பட்டியல். மார்ச் 4 காலை மறைமுகத் தேர்தல். 20 மாநகராட்சிகளில் தி.மு.க மேயர், கும்பகோணத்தில் காங்கிரஸ் மேயர். ஒரு மேயர் வேட்பாளரின் ஆயுள் இங்கே ஒரே இரவு!

அந்த ஓர் இரவுக்குள் அவர் யார், எங்கே வளர்ந்தார், எதை நம்புகிறார், ஊரின் குப்பையையும் குளத்தையும் பற்றி என்ன நினைக்கிறார் என்று யார் கேட்பது? யாரிடம் கேட்பது?

இப்போதைய மாமன்றங்களின் ஐந்தாண்டுக் காலம் 2027 மார்ச்சோடு முடிகிறது. 'எங்க ஊருக்கு அடுத்த மேயர் ஆணா, பெண்ணா, பொதுவா?' என்று டீக்கடைகளில் கணக்குப் போட ஆரம்பித்தாயிற்று. எந்த சமூகம், எந்த மாவட்டச் செயலாளரின் ஆள் என்று பேச்சு நீள்கிறது. வேட்பாளரின் கொள்கை என்ன என்ற பேச்சு மட்டும் எந்தப் பெஞ்சிலும் காதில் விழவில்லை. கேட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை என்று மக்கள் தெரிந்துவைத்திருக்கிறார்கள். அந்தத் தெளிவுதான் வருத்தமளிக்கிறது.

பின்னணி எங்கே பேசப்படுகிறது?

வேட்புமனுவோடு சொத்து, படிப்பு, வழக்கு விவரங்களை உறுதிமொழிப் பத்திரமாகக் கொடுக்கிறார்கள். வார்டுக்கு அது போதும். தெருவிளக்கு எரியவில்லை என்றால் யார் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும் என்று வார்டுக்காரர்களுக்குத் தெரிகிறது. ஆனால், மேயர் என்பவர் 48 வார்டுக்கும், 100 வார்டுக்கும், சென்னை என்றால் 200 வார்டுக்கும் ஆனவர். 200 வார்டுக்காரர்கள் அவரைப் பற்றித் தெரிந்துகொள்வதற்கு ஒரு பொதுக்கூட்டமோ, ஒரு விவாதமோ, ஒரு துண்டறிக்கையோ கிடையாது.

அதனால்தான் மேயர்களின் வாழ்க்கைக் கதைகள் நம் ஊரில் எப்போதும் பதவியேற்புக்கு மறுநாள் எழுதப்படுகின்றன. தேர்வு செய்ய உதவ வேண்டிய தகவல், தேர்வு முடிந்தபின் வாழ்த்துச் செய்தியாக வருகிறது. நாங்களும் அப்படித்தான் எழுதியிருக்கிறோம். அந்தக் குற்றத்தில் பத்திரிகைகளுக்கும் பங்குண்டு. ஆட்டோ ஓட்டுநர், 25 வயதுப் பெண், வாடகை வீட்டுக் குடும்பத் தலைவி, சைக்கிளில் போகிறவர் என்று தலைப்புகள் போட்டோம். அவர்கள் மாநகராட்சியை எப்படி நடத்துவார்கள் என்று கேட்கும் கட்டுரையை எழுத நமக்கு நாள் இருக்கவில்லை.

பெட்டிச் செய்தி: நேரடியா... மறைமுகமா? மாறிக்கொண்டே இருந்த சட்டம்

1996: தமிழகத்தில் மேயர்களை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். சென்னையில் மு.க.ஸ்டாலின் மேயரானார். 2001-லும் நேரடித் தேர்தல், மறுபடியும் ஸ்டாலின். ஒருவர் இரு பதவிகளில் இருக்கக் கூடாது என்ற சட்டத் திருத்தம் வர, 2002-ல் மேயர் பதவி போனது.

2006: கவுன்சிலர்கள் தேர்ந்தெடுக்கும் மறைமுக முறை. சென்னை மேயர் மா.சுப்பிரமணியன்.

2011: மீண்டும் நேரடி. சைதை துரைசாமி வென்றார்.

2016: மறைமுக முறைக்குச் சட்டத் திருத்தம். ஆனால் தேர்தலே நடக்கவில்லை.

2018: நேரடி முறைக்குத் திரும்பினார்கள். தேர்தல் அப்போதும் நடக்கவில்லை.

2019 நவம்பர்: அவசரச் சட்டம் மூலம் மறுபடியும் மறைமுகம். 2022-ல் நடந்தது இந்த முறையில்தான்.

இரண்டு பெரிய கட்சிகளுமே இரண்டு முறையையும் கையில் எடுத்திருக்கின்றன. 74-வது அரசியல் சட்டத் திருத்தம், மேயரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதை மாநிலங்களின் விருப்பத்துக்கு விட்டுவிட்டதுதான் இதற்கு வழிகொடுத்தது.

புளியந்தோப்பிலிருந்து ரிப்பன் மாளிகைக்கு

சென்னைக்கு வருவோம். 1688 செப்டம்பர் 29-ல் தொடங்கப்பட்ட மாநகராட்சி. முதல் மேயர் நதானியேல் ஹிக்கின்சன். இடையில் பல மாற்றங்களுக்குப் பிறகு 1933-ல் மேயர் பதவி திரும்ப வந்தபோது முத்தையா செட்டியார் அமர்ந்தார். 1937-ல் ஜெ.சிவசண்முகம் பிள்ளை, பட்டியல் சமூகத்திலிருந்து வந்த முதல் மேயர். 1957-ல் தாரா செரியன், முதல் பெண் மேயர். 1971-ல் காமாட்சி ஜெயராமன். அதன்பிறகு அரை நூற்றாண்டுக்கு ஒரு பெண்கூட அந்த நாற்காலியில் இல்லை. அந்த அரை நூற்றாண்டிலும் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக நாற்காலியே இல்லை! மஸ்டர் ரோல் ஊழல் வெடித்து 1973-ல் கலைக்கப்பட்ட மாமன்றத்துக்கு 1996 வரை தேர்தல் நடத்தப்படவில்லை.

2022 ஜனவரியில் சென்னை மேயர் பதவி பட்டியல் சமூகப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. 74-வது வார்டில் வென்ற ஆர்.பிரியா, 28 வயதில், எதிர்ப்பில்லாமல் மேயரானார். எம்.காம் பட்டதாரி. திரு.வி.க. நகர்ப் பக்கம் வளர்ந்தவர். அப்பா கட்சிக்காரர், முன்னாள் எம்.எல்.ஏ செங்கை சிவத்துக்குப் பேத்தி முறை. தாம்பரத்தின் முதல் மேயரான வசந்தகுமாரிக்கு அப்போது வயது 25. இந்த இரண்டு பெண்களும் அந்த நாற்காலிகளுக்கு வந்ததை நான் சாதாரணமாகச் சொல்லிக் கடக்க மாட்டேன். வட சென்னையில் பிறந்த ஒரு தலித் பெண், தங்கச் சங்கிலியும் அங்கியும் அணிந்து, செங்கோல் முன்னே செல்ல மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகைக்குள் நடந்தது, அந்த மாளிகையைப் பெருக்கித் துடைக்க மட்டுமே உள்ளே விடப்பட்ட பல தலைமுறைகளுக்குச் செய்த மரியாதை. இடஒதுக்கீடு என்ற சட்டம் இல்லாமல் அது நடந்திருக்காது.

சரி, நடந்தபின் என்ன ஆனது? திரு.வி.க. நகர் மண்டலத்தின் புளியந்தோப்புப் பக்கம் வசிக்கிறவர்களைக் கேட்டால் முதலில் சொல்வது, குடிநீரில் கழிவுநீர் கலந்து வரும் பிரச்னை. அந்தத் தெருக்களின் பிள்ளை மேயரானால் முதலில் அதைத்தானே சரிசெய்வார் என்று எதிர்பார்ப்பது நியாயம். ஆனால், சென்னையில் குடிநீரும் கழிவுநீரும் மாநகராட்சியின் வேலையே இல்லை. 1978-ல் தனிச் சட்டம் போட்டு உருவாக்கப்பட்ட மெட்ரோ வாட்டரின் வேலை அது. அந்த வாரியம் மாமன்றத்துக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டதல்ல. மாநகரப் பேருந்து தனி நிறுவனம். மின்சாரம் வாரியம். நகர வளர்ச்சித் திட்டம் சி.எம்.டி.ஏ. மேயர் கையில் மிஞ்சுவது மழைநீர் வடிகால், உட்புறச் சாலை, தெருவிளக்கு, பூங்கா, மாநகராட்சிப் பள்ளி, ஆரம்ப சுகாதார நிலையம், மயானம், குப்பை. அவற்றிலும் கையெழுத்துப்போட்டு நிறைவேற்றும் அதிகாரம், அரசு அனுப்பும் கமிஷனருக்கு.

பிரியா தன்னால் முடிந்த இடத்தில் கதவைத் திறக்கப் பார்த்தார் என்பதைச் சொல்ல வேண்டும். 2023-ல் ஆரம்பித்த 'மக்களைத் தேடி மேயர்', மண்டலம் மண்டலமாகப் போய் மனு வாங்கும் முகாம். வரிசையில் நின்றவர்களுக்கு மேயரின் முகம் பக்கத்தில் தெரிந்தது. ஆனால் மனுவின் பாதி வேறு வாரியத்தின் பெயருக்குத்தான் போக வேண்டியிருக்கும்.

பதிமூன்று நாள், ஒரு வாசல்

ஒருவரின் பின்னணிக்கும் அவர் உட்கார்ந்திருக்கும் பதவிக்கும் நடுவே உள்ள தூரம் எவ்வளவு என்று சென்னை கண்கூடாகப் பார்த்தது 2025 ஆகஸ்டில்.

ராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய 5, 6-வது மண்டலங்களில் குப்பை அள்ளும் பணியைத் தனியாருக்குக் கொடுப்பதென்று முடிவாகி, அந்தப் பொறுப்பு கைமாறியது. பல ஆண்டுகளாக மாநகராட்சிக்கு நேரடியாக வேலைபார்த்துவந்த தற்காலிகத் தூய்மைப் பணியாளர்கள் ஆகஸ்ட் 1 முதல் ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பெரும்பாலோர் தலித்துகள். புயலிலும் கொரோனாவிலும் தெருவில் நின்றவர்கள். 'பணி நிரந்தரம் செய்யுங்கள், தனியாரிடம் தள்ளாதீர்கள்' என்பதுதான் கோரிக்கை. மழையிலும் வெயிலிலும் நடைபாதையில், 13 நாள். நடைபாதையை ஆக்கிரமித்துப் போராட அனுமதியில்லை என உயர் நீதிமன்றம் உத்தரவிட, ஆகஸ்ட் 13 நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்திக் கைது செய்தது. அடுத்த நாள் அரசு, தூய்மைப் பணியாளர்களுக்குக் காலை உணவு உள்ளிட்ட நலத்திட்டங்களை அறிவித்தது. அவர்கள் கேட்டது அதுவல்ல.

மேயரின் சொந்த மண்டலம் திரு.வி.க. நகர். வாசலில் இருந்தவர்களில் பலர் அந்த மண்டலத்தின் தெருக்களைக் கூட்டியவர்கள். மாளிகைக்கு உள்ளே, நகரத்தின் முதல் தலித் பெண் மேயர். பேச்சுவார்த்தைகளில் பிரியாவும் உட்கார்ந்தார், அமைச்சர்களும் உட்கார்ந்தார்கள். முடிவு மாறவில்லை. நகரின் பெரும்பாலான மண்டலங்கள் பல வருடங்களாகவே தனியார் கையில்தான் என்று அரசுத் தரப்பில் சொன்னார்கள். அது உண்மையும்கூட.

பிரியாவின் மனதில் அந்த 13 நாளும் என்ன ஓடியது என்று நான் கற்பனை செய்யப்போவதில்லை. நான் சொல்ல வருவது வேறு. மக்களிடம் நேரடியாகப் போய், 'நான் வந்தால் குப்பைப் பணியைத் தனியாருக்குக் கொடுப்பேன்' என்றோ, 'கொடுக்க மாட்டேன்' என்றோ சொல்லி ஓட்டு வாங்கிய மேயராக இருந்தால், அந்த வாசலில் அவருக்கென்று ஒரு சொல் இருந்திருக்கும். கொடுப்பதாகச் சொல்லி வென்றிருந்தால் துணிந்து நின்றிருக்கலாம். மாட்டேன் என்று சொல்லி வென்றிருந்தால் கட்சித் தலைமையிடமே வாதாடியிருக்கலாம். அப்படி எதுவும் கேட்கப்படவில்லை, அவரும் எதுவும் சொல்ல நேரவில்லை. மார்ச் 3 இரவு பெயர் வந்தது, மார்ச் 4 காலை பதவி வந்தது. பதவி கொடுத்தவர்களுக்கு எதிராகப் பேசும் வலு, அந்தப் பதவியில் இல்லை.

எங்கிருந்து வந்தார் என்பதைக் கொண்டாடுகிறோம். எதற்காக வந்தார் என்று கேட்கும் இடத்தை அடைத்துவைத்திருக்கிறோம். இரண்டாவது இல்லாமல் முதலாவதை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மேயரிடம் நியாயம் எதிர்பார்ப்பது, அந்த மேயருக்கே செய்யும் அநியாயம்.

கொடுத்த கையே எடுத்த கதைகள்

கோவையில் என்ன நடந்தது? 100 வார்டு மாநகராட்சியின் முதல் பெண் மேயராக கல்பனா ஆனந்தகுமார் எதிர்ப்பில்லாமல் வந்தார். வாடகை வீடு, கணவர் நடத்திய இ-சேவை மையம் என்று அவருடைய எளிமை செய்தியானது. நெல்லையில் மேயரானவர் பி.எம்.சரவணன். 2024 ஜூலை முதல் வாரத்தில், ஒரே சமயத்தில் இருவரும் ராஜினாமா செய்தார்கள். கோவையில் உடல்நிலை காரணம், நெல்லையில் குடும்பச் சூழல் காரணம் என்று கடிதங்கள் சொல்லின. அதற்கு முன்பே இரண்டு ஊரிலும் மேயருக்கும் சொந்தக் கட்சிக் கவுன்சிலர்களுக்கும் நடந்த இழுபறி ஊரறிந்தது. நெல்லையில் 2024 ஜனவரியில் மேயர்மீது நம்பிக்கையில்லாத் தீர்மானமே கொண்டுவரப்பட்டது. தீர்மானத்தன்று கவுன்சிலர்கள் ஒருவர்கூட வரவில்லை. அதே வருடம் ஜூலையில் காஞ்சிபுரம் மேயர்மீதும் தீர்மானம். அங்கும் காலி நாற்காலிகள். கையெழுத்துப் போட்டவர்கள் எங்கே போனார்கள்? மேலிருந்து பேசியாயிற்று. கொண்டுவருவதும் கட்சிக்குள், தடுப்பதும் கட்சிக்குள். ஓட்டுப்போட்டவர் செய்தித்தாளில் படித்துத் தெரிந்துகொள்கிறார்.

மேயர் மாறியதால் கோவையிலும் நெல்லையிலும் ஒரு வாக்காளரும் வாக்குச்சாவடிக்குப் போகவில்லை. கோவையில் ரங்கநாயகி வந்தார். நெல்லையில் ஆகஸ்ட் 5-ல் நடந்த தேர்தல் சுவாரஸ்யமானது. மூன்றாவது முறை கவுன்சிலரான ராமகிருஷ்ணன் என்கிற கிட்டு, கட்சி அறிவித்த வேட்பாளர். டவுன் பகுதியில் சைக்கிளிலேயே சுற்றும் மனிதர். எதிர்த்து நின்றவர் அதே கட்சியின் இன்னொரு கவுன்சிலர்! கிட்டுவுக்கு 30 ஓட்டு, மற்றவருக்கு 23, செல்லாதது 1. அந்த 23 ஓட்டு எதை எதிர்த்து விழுந்தது? சாலைக்காகவா, தாமிரபரணிக்குள் இறங்கும் சாக்கடைக்காகவா, மாவட்டக் கோஷ்டிக்காகவா? இரு வேட்பாளரும் ஊருக்கு முன்னால் ஒரு மேடையில் பேசியிருந்தால் நமக்குத் தெரிந்திருக்கும்.

2022-லேயே கடலூரில் இதற்கு முன்னோட்டம் நடந்தது. கட்சி அறிவித்தவருக்குப் போட்டியாகச் சொந்தக் கட்சியிலேயே ஒருவர் கிளம்ப, கவுன்சிலர்களைச் சொகுசு விடுதியில் தங்கவைத்தார்கள் என்று செய்தி வந்தது. ஒரு மேயர் வேட்பாளர் ஊர் மக்களைப் பார்க்கத் தெருத்தெருவாக நடக்க வேண்டிய நேரத்தில், சில டஜன் கவுன்சிலர்களைக் காபந்து பண்ணுவதே பிரசாரமாகிவிடுகிறது. இதுதான் மறைமுக முறை தரும் பழக்கம். கவுன்சிலர் சந்தோஷமாக இருந்தால் மேயர் பிழைப்பார். ஊர் சந்தோஷமாக இருக்கிறதா என்பது ஐந்து வருடத்துக்கு ஒரு முறை வரும் கேள்வி.

மதுரையில் வேறு மாதிரி. சொத்துவரி முறைகேடு வழக்கில் மேயரின் கணவர் 2025 ஆகஸ்டில் கைதானார். அக்டோபரில் மேயர் இந்திராணி பதவி விலகினார். குற்றம் உண்டா இல்லையா என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். ஆனால், மேயர் பதவிகளில் 11 பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட மாநிலத்தில், வேட்பாளரை அவருடைய சொந்தக் குரலில் ஊர் ஒருமுறையாவது கேட்டிருக்க வேண்டும். மேடையேறித் தானே பேசி, தானே பதில் சொல்லி, தன் பெயருக்கு ஓட்டு வாங்கிய பெண்ணைப் பின்னால் நின்று இயக்குவது அவ்வளவு சுலபமல்ல. ஒரே இரவில் அறிவிக்கப்படும் பெண்ணுக்கு அந்தப் பாதுகாப்பு கிடைப்பதில்லை.

பெட்டிச் செய்தி: மேயருக்கு மாதம் எவ்வளவு?

2023 ஜூலை முதல் தமிழ்நாட்டில் மாநகராட்சி மேயருக்கு மாதம் 30,000 ரூபாய் மதிப்பூதியம். துணை மேயருக்கு 15,000. மாநகராட்சிக் கவுன்சிலருக்கு 10,000. அதற்கு முன் மாதச் சம்பளம் போல எதுவும் கிடையாது.

சொத்து இல்லாத ஒருவர் நேர்மையாக இந்தப் பதவியில் ஐந்து வருடம் தாக்குப்பிடிக்க வேண்டும் என்றால், இந்தத் தொகையைப் பற்றியும் நாம் பேச வேண்டும். ஆட்டோவை நிறுத்திவிட்டு வருகிறவருக்கு வீட்டு வாடகை நிற்பதில்லை.

ஓர் இரவும் ஓர் ஆண்டும்

கடல் தாண்டி ஒரு நகரத்தைப் பார்க்கலாம். நியூயார்க். 2024 அக்டோபரில் 33 வயது இளைஞர் ஒருவர் மேயர் பதவிக்கு நிற்கப்போவதாக அறிவித்தார். உகாண்டாவின் கம்பாலாவில் பிறந்தவர். அப்பா, இடி அமீன் காலத்தில் விரட்டப்பட்ட இந்திய வம்சாவளிப் பேராசிரியர் மஹ்மூத் மம்தானி. அம்மா, 'சலாம் பாம்பே' எடுத்த இயக்குநர் மீரா நாயர். ஸோரான் மம்தானியை அப்போது அந்த நகரத்திலேயே அதிகம் பேருக்குத் தெரியாது. 2025 ஜூன் 24-ல் கட்சிக்குள் வாக்காளர்களே வாக்களிக்கும் முதல்நிலைத் தேர்தல், நவம்பர் 4-ல் பொதுத்தேர்தல். இடையில் ஓர் ஆண்டு.

அந்த ஓர் ஆண்டில் அவரிடம் கேட்கப்படாத கேள்வி இல்லை. அவருடைய மதம், இஸ்ரேல் பற்றிய கருத்து, அவர் பாடிய ராப் பாட்டு, 17 வயதில் கல்லூரிக்குப் போட்ட விண்ணப்பத்தில் எந்த இனம் என்ற கட்டத்தில் எதை டிக் அடித்தார் என்பதுவரை தோண்டினார்கள். அதில் சில அநாகரிகமானவை, மதவெறியின் வாடை அடித்தவை. வாடகை உயர்வை நிறுத்துவேன், பேருந்தை இலவசமாக்குவேன் என்றார். 'பேருந்து மாநில அரசின் போக்குவரத்து ஆணையத்திடம் இருக்கிறதே, மேயரால் எப்படி முடியும்?' என்று திரும்பத் திரும்ப மடக்கினார்கள். நம் மெட்ரோ வாட்டர் கேள்விதான்! வித்தியாசம், அங்கே அது தேர்தலுக்கு முன்னால் கேட்கப்பட்டது. அவர் பதில் சொல்லியாக வேண்டியிருந்தது. பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் அந்தப் பதில்களைக் கேட்டுவிட்டு அவருக்கு ஓட்டுப்போட்டார்கள். இனி அவர் வாக்குத் தவறினால் எந்த வாக்கைத் தவறினார் என்று ஒவ்வொருவரும் சுட்டிக்காட்ட முடியும்.

நம் மேயர்களை அப்படிச் சுட்டிக்காட்டக்கூட முடியாது. வாக்கே கொடுக்காதவரிடம் எதைக் கேட்பது?

நேரடித் தேர்தல் மட்டுமே மருந்தா?

அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது. நேரடியாகத் தேர்வான மேயர் ஒரு கட்சி, மாமன்றப் பெரும்பான்மை வேறு கட்சி என்றால் தீர்மானங்கள் முட்டிக்கொண்டு நிற்கும் என்பது மறைமுக முறையின் ஆதரவாளர்கள் சொல்லும் வாதம். அதில் அர்த்தம் உண்டு. நகரம் முழுக்கப் பிரசாரம் செய்ய ஆகும் செலவைத் தாங்கக்கூடியவர்தான் நேரடித் தேர்தலில் நிற்க முடியும், ஆட்டோ ஓட்டுநருக்கு அங்கே டிக்கெட் கிடைக்காது என்று ஒரு நண்பர் என்னிடம் வாதிட்டார். இந்த இரண்டாவது வாதத்துக்கு என்னிடம் முழு பதில் இல்லை. சரவணன்களும் வசந்தகுமாரிகளும் வந்தது மறைமுக முறையில்தான் என்பதை மறுக்கவும் முடியாது.

ஆனால், நேரடியோ மறைமுகமோ, பெயரை முன்கூட்டியே சொல்வதை எந்தச் சட்டம் தடுக்கிறது? முதலமைச்சரையும் நாம் மறைமுகமாகத்தான் தேர்ந்தெடுக்கிறோம். எம்.எல்.ஏ-க்கள்தான் அவரைத் தேர்வு செய்கிறார்கள். இருந்தாலும் முதல்வர் வேட்பாளர் யார் என்று சொல்லாமல் எந்தப் பெரிய கட்சியும் மக்களிடம் வருவதில்லை. வந்தால் நாம் சும்மா விடுவதும் இல்லை. அதே மரியாதையை மாநகரத்துக்குக் கொடுக்கக் கட்சிகளுக்கு எது தடை? 'எங்கள் மேயர் வேட்பாளர் இவர், இந்த வார்டில் நிற்கிறார்' என்று மனு தாக்கலுக்கு முன்பே அறிவித்துவிட்டால் போதும். செலவில்லை, சட்டத் திருத்தம் தேவையில்லை. அவர் வார்டிலேயே தோற்றுவிட்டால்? தோற்றுவிட்டால் மக்கள் சொன்ன பதில் அதுதானே.

அறிவித்தபின் என்ன கேட்பது என்பதில் நமக்கும் பொறுப்பு உண்டு. அவர் என்ன ஜாதி, யார் வீட்டுப் பிள்ளை என்பதோடு நிறுத்திக்கொண்டால் ஒரு மாதம் கொடுத்தாலும் ஓர் இரவு கொடுத்தாலும் ஒன்றுதான். கவுன்சிலராக இருந்தவரா? மாமன்றக் கூட்டங்களுக்குப் போனாரா, அங்கே வாய் திறந்தாரா? பகுதி சபைக் கூட்டங்கள் தன் வார்டில் ஒழுங்காக நடக்கவிட்டாரா? 2022 நவம்பர் 1-ல் தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் முதல்வர் கலந்துகொண்டு ஆரம்பித்துவைத்த அந்தச் சபைகள், பல வார்டுகளில் இன்று பெயரளவில் இருக்கின்றன. தன் வார்டு மக்களை வருடத்தில் நான்கு முறை உட்காரவைத்துக் கணக்குச் சொல்லப் பயப்படுகிறவர், ஊரையே எப்படி எதிர்கொள்வார்? குப்பையைத் தனியாருக்குக் கொடுப்பாரா? நீர்நிலை ஆக்கிரமிப்பில் சொந்தக் கட்சிக்காரர் வீடு இருந்தால் என்ன செய்வார்? கமிஷனர் ஒத்துழைக்கவில்லை என்றால் ஊரறியச் சொல்வாரா? ஒருவர் எதை நம்புகிறார் என்பது இந்தப் பதில்களில்தான் தெரியும்.

கும்பகோணத்தில் 2028-ல் மகாமகம். 12 வருடத்துக்கு ஒரு முறை, மாசி மாதத்தில், லட்சக்கணக்கானவர்கள் அந்த ஒரு குளத்தை நோக்கி வருவார்கள். 1992 மகாமகத்தில் நெரிசலில் சிக்கி ஏறக்குறைய 50 பேர் செத்துப்போனதை அந்த ஊர் மறக்கவில்லை. மாநகராட்சியான பிறகு வரும் முதல் மகாமகம் இது. குடிநீர், கழிப்பறை, குளத்தைச் சுற்றிய தெருக்களின் அகலம், குப்பை, ஆம்புலன்ஸ் போகும் வழி எல்லாவற்றிலும் மாநகராட்சியின் கை இருக்கும். அப்போது மேயர் நாற்காலியில் இருக்கப்போகிறவர், சோலையப்பன் தெருவிலோ மடத்துத் தெருவிலோ இப்போது நம் பக்கத்தில் நடந்துபோய்க்கொண்டு இருக்கலாம். அவர் பெயரை அந்த ஊர், ஓட்டுப்போடுவதற்கு முன்னால் தெரிந்துகொள்ளுமா?